பானையை யார் கழுவுவது?

யாங்கோன் அலோன் வட்டாரத் தமிழ்ப் பெற்றோரே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் முதலில் என் மேல்.

போன வாரம் எங்கள் தெருமுனையில் வழிப்போக்கருக்காக வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையில் என் மகன் ஒரு குவளை மொண்டான். இரண்டு வாய் குடித்தான், மீதியைச் செருப்பில் ஊற்றிச் சேற்றைக் கழுவினான். அந்தப் பானையைத் தினமும் விடியுமுன் கவிழ்த்து, தேங்காய் நாரால் உள்பாசியைத் தேய்த்து, குடம் குடமாய்ச் சுமந்து நிரப்புகிறவர் எதிர்வீட்டு பர்மியப் பாட்டி. மூடியைத் துடைத்து, குவளையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். என் மகனுக்கு இது தெரியாது. வருடக்கணக்காக அந்த வழியே அவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போன நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பிள்ளைகள் தன்னலமாய் வளர்கிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிறோம். தருமத்தை அவர்கள் கண்ணில் எப்போது காட்டினோம்? கோயில் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறோம், ரசீது வாங்குகிறோம், மைக்கில் பெயர் வாசிக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொள்கிறோம். பந்தியில் இலை போட மட்டும் பிள்ளையை விடமாட்டோம். டியூஷன் இருக்கிறதாம், சட்டையில் சாம்பார் பட்டுவிடுமாம். படட்டுமே!

எப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு இப்படிச் செய்கிறோம் என்று யோசியுங்கள். உலக நாடுகளின் ஈகையை அளக்கும் பட்டியலில் 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டும் மியான்மருக்கே முதலிடம். முதல் ஆண்டு மட்டும் அமெரிக்காவோடு பகிர்ந்துகொண்டது. பணக்கார நாடு என்றா? தினக்கூலிக்காரரும் கையில் இருப்பதில் கொஞ்சம் எடுத்து வைக்கிற நாடு என்பதால். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வந்தால் தெருவுக்குத் தெரு சதுடிதா. நாலு திசையிலிருந்தும் யார் வந்தாலும் சோறு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. அடுத்தவர் தானம் செய்தாலும் பர்மியர் கைகூப்பி மூன்று முறை ‘தாது’ சொல்வார்கள். கொடுத்தவர் புண்ணியத்தில் மனதார மகிழ்வது அது. அந்த ஒரு சொல்லை நம் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோமா?

ஏழை வீட்டில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கக் காசில்லாமல் தவித்த காலம் யாங்கோனில் இருந்தது. இயக்குநர் துக்காவும் நடிகர் சோ தூவும் 2001இல் இலவச ஈமச் சடங்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். புகழின் உச்சியில் இருந்த ஒரு சினிமா நடிகர் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். நம் பிள்ளைகளுக்குக் கொரிய நடிகர்களின் பெயர் அத்தனையும் மனப்பாடம். இவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த மறுநாள், யாங்கோனில் மரம் விழாத தெரு இல்லை, மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. யாருக்கும் காத்திராமல் அரிவாளோடு இறங்கி மரத்தை வெட்டி ஒதுக்கினது பக்கத்து வீட்டுக்காரர்களும் பிக்குகளும்தான். கொஞ்ச நாளில் இந்த ஊர் சனங்களே வண்டியில் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு ஐராவதி டெல்டாவுக்குப் போனார்கள். பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். நாம் சொன்னால்தான் உண்டு.

நம் வீட்டுக் கதைக்கும் வருவோம். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின, லட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறினார்கள். அதன் பிறகும் இந்த மண்ணில் தமிழ் தங்கியது யாரால்? கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, சம்பளம் வாங்காமல் ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவர்களால். இன்றைக்கும் அப்படிப்பட்டவர்கள் வகுப்பு எடுக்கிறார்கள். நாம் போய், மின்விசிறி சுற்றவில்லை, வகுப்பு சீக்கிரம் முடிகிறது என்று குறை சொல்லிவிட்டு வருகிறோம். வருட முடிவில், வகுப்பு எடுக்கும் அக்காவுக்கு ஒரு வெற்றிலைத் தட்டு வைத்து, பிள்ளையை விழுந்து கும்பிடச் சொன்னவர் நம்மில் எத்தனை பேர்? செட்டியார்கள் பர்மாவில் சம்பாதித்துச் செட்டிநாட்டில் கட்டிய பள்ளிகளைப் பெருமையாகப் பேசுகிற வாய், கண்ணெதிரே நிற்கிற இந்தக் கொடையாளியிடம் ஒரு நன்றி சொல்லக் கூசுகிறது.

பாட்டியிடம் பேசிவிட்டேன். ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பானை கழுவ வருகிறோம் என்றேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு சிரித்தார். தேங்காய் நாரும் இரண்டு குடமும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவாருங்கள்.