சமநிலையை யாருக்குப் போதிக்கிறீர்கள்?

2022இல் எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் எமது மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாக ஏற்பதே யோகம் என்று அப்போதும் அவர்களுக்கு உபதேசித்தவர்கள் உண்டு. யோகத்தை இதைவிடக் கொச்சைப்படுத்த முடியாது.

பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதே. முதலாவது இயமம். திருமூலரும் அதையே முதலில் வைக்கிறார். வாய்மை, கள்ளாமை, தேவைக்கு மிஞ்சிச் சேர்க்காமை என்பன பதஞ்சலியின் இயம விதிகளுள் அடங்கும். அப்படியாயின் உபதேசம் முதலில் செல்லவேண்டிய இடம் வரிசையா, பதுக்கியவனின் களஞ்சியமா?

கீதை சமநிலையை யோகம் என்கிறது. அது சொல்லப்பட்டதோ செயலைவிட்டு ஒதுங்க நினைத்த அருச்சுனனுக்கு. பதறாமல் செயற்படு என்பதே அதன் பொருள். விலையேற்றத்தில் மனம் உடையாதிருப்பது யோகம். அதற்குக் காரணமானவர்களைக் கேள்வி கேட்காதிருப்பது யோகமன்று, அடிமைத்தனம்.