சிதைவதையும் படியுங்கள்

பிளாஸ்டிக் எப்படி உருவாகிறது என்று கேட்டால் உடனே விடை சொல்வீர்கள்: சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து பாலிமர் ஆகின்றன. அது வெப்பத்தில் எப்படிச் சிதைகிறது என்று கேட்டால்? பலர் விழிப்பீர்கள். இந்த இரண்டாவது கேள்வியும் முதற் கேள்விக்குச் சமமானதே என்பது என் கருத்து.

பாலிஆக்சிமெத்திலீனை எடுத்துக்கொள்வோம். இது பார்மால்டிஹைடு மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலி. ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-களிலேயே இதை ஆராய்ந்தார். ஆனால் பண்டம் செய்ய அது உதவவில்லை. சூடேற்றினால், முனையிலிருந்து ஒவ்வொரு மூலக்கூறாகக் கழன்று, 'ஜிப்' திறப்பதுபோல் சங்கிலி முழுதும் வாயுவாகிவிடும். பிறகு எப்படி உருக்கி வார்ப்பது?

டூபாண்ட் நிறுவனம் சங்கிலியின் முனைகளை வேறு வேதித் தொகுதிகளால் மூடி, 1960-இல் 'டெல்ரின்' என்று விற்றது. ஆயினும் சங்கிலி நடுவில் அறுந்தால் புதிய முனைகள் தோன்றும். கழலுதல் மீண்டும் தொடங்கும். செலனீஸ் நிறுவனம் 1962-இல் வேறு வழி கண்டது. சங்கிலியின் இடையிடையே சிறிதளவு எதிலீன் ஆக்சைடைக் கோத்தது. இப்படி இருவகை அலகுகள் கலந்த சங்கிலியே கோபாலிமர். கழன்றுவரும் முனை அந்தப் புதிய அலகை அடைந்ததும் நின்றுவிடுகிறது! உருகுநிலை சுமார் 175 டிகிரி செல்சியஸிலிருந்து 165 டிகிரியாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் உருக்கும்போது சிதையாத உறுதி கிடைத்தது. சிதைவின் வழியை அறிந்ததால் அல்லவா அதைத் தடுக்க முடிந்தது?

"உடைவதைப் படித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். தெருவோரம் பழைய மின்கம்பிகளை எரித்துச் செம்பு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. அது சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். ஈரமான கண்ணிலும் தொண்டையிலும் அதுவே அமிலமாகும். எரிக்கும்போது டையாக்சின் என்னும் நச்சுப்பொருள்களும் உண்டாகும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கோ, காற்றின்றிச் சூடேற்றினால் பெரும்பகுதி தன் மூலப்பொருளாகவே மாறும்; அதைச் சேகரித்து மீண்டும் அக்ரிலிக் செய்யலாம். ஒன்றின் சிதைவு நஞ்சு. மற்றொன்றின் சிதைவு செல்வம். வெளித்தோற்றத்தைக் கொண்டு இதை அறிய இயலுமா?

ஆகவே, ஒரு பொருளை ஆக்கும் சமன்பாட்டை எழுதியதோடு நிறுத்திவிடாதீர்கள். சூடேற்றினால் இது என்னவாகும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். குப்பைக்குத் தீ வைக்கும் முன்பும் அதே கேள்வியைக் கேளுங்கள்.