நோயாளியை எந்தப் பட்டியலில் எழுதுவது?



தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்துவந்த சகோதரர் ஒருவரை நாம் அறிவோம். இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போய்வருவதும் காத்திருப்பதும் தனி. திரும்பிவந்தால் அன்றைய மீதிப் பொழுது படுக்கையில். மற்ற நாள்களில் மீன்பெட்டி தூக்கலாமென்றால், ஃபிஸ்டுலா போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டு அவர் போய் நின்றபோது கிடைத்த பதில், "கை, கால், கண் எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன?" என்பது.

அப்படிச் சொன்ன அலுவலரை நாம் குறைகூறவில்லை. அவர் கையிலிருந்த பட்டியலைக் குறைகூறுகிறோம்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கியது. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாளணு நோய் ஆகிய இரத்த நோய்களும், பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகிய நரம்பு நோய்களும் அதில் சேர்ந்தன. ஆக, நோய் வேறு ஊனம் வேறு என்ற பழைய வாதத்தைச் சட்டமே கைவிட்டுவிட்டது. ஆயினும் சிறுநீரகச் செயலிழப்பு அதில் இல்லை. புற்றுநோயும் இதயச் செயலிழப்பும் இல்லை. இத்தனைக்கும் அதே சட்டம், நீண்டகாலக் குறைபாட்டினால் பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்க முடியாமல் தடைப்படுபவரே மாற்றுத்திறனாளி என்று பொருள்பட வரையறுக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர் இந்த வரையறைக்குள் வரமாட்டாரா? வருவார். ஆனால் முக்கியச் சலுகைகளெல்லாம் பட்டியலில் உள்ள குறைபாடு 40 விழுக்காடேனும் இருப்பவர்களுக்கே.

டயாலிசிஸுக்குப் பயணம் செய்யும் சிறுநீரக நோயாளிக்கு இந்திய ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது. ரயிலில் ஏறும்போது நோயாளியாகத் தெரிபவர் இறங்கியதும் நலமாகிவிடுகிறாரா?

நம் மார்க்கம் இவரை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனமும் அல்ஃபத்ஹ் அத்தியாயத்தின் 17ஆம் வசனமும் பார்வையற்றவரையும் நடக்க இயலாதவரையும் நோயாளியையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றன. நோன்பிலும் அவ்வாறே. குணமாகும் நோய்க்குக் களா. குணமாகும் நம்பிக்கையற்ற நோய்க்கு ஃபித்யா. தீராத நோயை நிரந்தரத் தடையாக ஃபிக்ஹ் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. உமைய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக், தொழுநோயாளிகள் மக்களிடம் கையேந்தாதிருக்க அவர்களுக்கு உதவித்தொகை வழங்கினார் என்றும், நடக்க இயலாதவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் கொடுத்தார் என்றும் தபரீ பதிவுசெய்கிறார். கொடுத்தது கருணையினால் மட்டுமன்று. பைத்துல்மாலில் அவர்களுக்கு ஹக் இருந்தது.

"எல்லா நோய்களையும் சேர்த்தால் உண்மையான ஊனமுற்றோரின் பங்கு குறையாதா?" என்பார்கள். பட்டியலில் உள்ள இரத்த நோய்களுக்கே அரசுப் பணியின் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில் இடம் இல்லை. பட்டியலில் சேர்ப்பதும் இடஒதுக்கீட்டைப் பங்கிடுவதும் வேறு வேறு. "மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் சரியாகிவிடுமே" என்பார்கள். காலவரையறை இட்ட சான்றிதழுக்கு விதிகளில் வழி இருக்கிறது, பொருத்தும்வரை கொடுங்கள்.

பணமில்லை என்ற பேச்சும் நிற்காது. நம் புதுச்சேரியின் யானாம் பகுதியைச் சுற்றிலும் ஆந்திரம்தான். உத்தானம் பகுதியின் சிறுநீரக நோய்த் துயரைக் கண்ட அம்மாநிலம், டயாலிசிஸ் நோயாளிக்கென்று தனி ஓய்வூதியம் வைத்தது. இன்று மாதம் 10,000 ரூபாய். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியமோ, வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்து 80 விழுக்காடு குறைபாடும் உடையவருக்கு மாதம் 300 ரூபாய்! யானாமில் எவ்வளவு, தேங்காய்த்திட்டில் எவ்வளவு என்று வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்டதுண்டா?

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் இடமுள்ள தலசீமியாக் குழந்தைக்கும் ஹீமோஃபிலியாச் சிறுவனுக்கும் சான்றிதழ் வாங்காத வீடுகள் நம்மில் உண்டு. "அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், வெளியே தெரிந்தால் என்னாவது?" என்கிறார்கள். உயர்கல்வியில் அந்தப் பிள்ளைக்குள்ள 5 விழுக்காடு இடஒதுக்கீட்டு உரிமை, அக்காவின் கல்யாணத்துக்காகப் பறிபோகிறது. இதற்கு ஸப்ர் என்று பெயர் வைப்பது அநியாயம். ஸப்ர் நோயின் வலியைத் தாங்குவதில் இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதில் இல்லை. ரமளானில் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு மற்றப் பதினொரு மாதமும் நோயாளியின் வீட்டை மறந்துவிடும் ஜமாஅத்துக்கும் இதே கேள்விதான்.

சட்டத்தின் அட்டவணையிலேயே, வேறு வகைகளையும் ஒன்றிய அரசு அறிவிக்கை மூலம் சேர்க்கலாம் என்ற பிரிவு இருக்கிறது. நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் மனுவில் அந்த அறிவிக்கையைப் பெயர்சொல்லிக் கேட்போம். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் கையெழுத்து வாங்குவோம். அங்கேயே ஒரு மேசை போட்டு, பட்டியலில் இடமுள்ள நோயாளிகளுக்குத் தனித்துவ மாற்றுத்திறனாளி அட்டைக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பிக் கொடுக்கப் படித்த பிள்ளைகள் இருவர் உட்காரட்டும். ஆதார் அட்டை, புகைப்படம், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் போதும். பெயர் வெளியே தெரியக் கூடாது என்பவர்களுக்கு, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கே போகட்டும்.