விற்பனைக்கூடத்தில் கணினி: ஈரமானிக்கு முதலிடம் வேண்டும்

திண்டுக்கல் நாகல் நகர் தேநீர்க் கடைகளில் மாலை வேளையில் ஊர் திரும்பும் உழவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்று மக்காச்சோளம் என்ன விலை?" என்பதே. முன்பு இதற்கு விடை சொன்னவர் தரகர். இன்று கைப்பேசி சொல்கிறது. ஆனால் அந்த விலை கைப்பேசிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. அதை அறியாததால் வரும் நஷ்டம் பெரும்பாலும் சிறு விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் தமிழகத்திற்குப் புதியதன்று. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் திறக்கப்பட்டது. அன்று முதல் பல ஆண்டுகள், எந்தக் குவியல் என்ன விலைக்குப் போயிற்று என்பது காகித ஏட்டில்தான் எழுதப்பட்டு வந்தது. வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவர். எழுத்தர் பிரித்துப் படிப்பார். அடுத்த ஊர்க் கூடத்தில் என்ன விலை என்பது அன்றைக்கே தெரிய வழியில்லை.

இந்த ஏட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையே 'இ-நாம்' எனப்படும் தேசிய மின்னணு வேளாண் சந்தை. 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களில் 21 சந்தைகளுடன் அது தொடங்கியது. 2018 மார்ச்சில் 585 சந்தைகள், 2020 மே மாதத்தில் 1,000 சந்தைகள் எனப் படிப்படியாக வளர்ந்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே வியாபார உரிமம், ஒருமுறை மட்டுமே சந்தைக் கட்டணம், மின்னணு ஏலத்திற்குச் சட்ட இடம் ஆகிய மூன்றையும் ஏற்ற மாநிலங்களே இதில் சேர முடிந்தது. தமிழகமும் சட்டத்தைத் திருத்திச் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் கிடங்கில் இருப்பு வைத்தபடியே விற்கவும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் இடத்திலிருந்தே விற்கவும் வசதி சேர்க்கப்பட்டது.

ஒரே நாளில் ஏட்டை மூடாமல் கட்டம் கட்டமாக மாற்றியது சரியான முறைதான். குறை இருப்பது வேறிடத்தில். எந்தக் கட்டம் முதலில் வரவேண்டும் என்பதில்தான் கணக்குத் தவறியது. கணினியும் திரையும் முதலில் வந்தன. தர ஆய்வுக் கருவியும் அதை இயக்கும் ஆளும் பல கூடங்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். 2017-18 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சந்தைக்கான உதவி 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டதே, சுத்தம் செய்யவும் தரம் பிரிக்கவும் வசதி வேண்டும் என்பதை உணர்ந்துதான்.

தர ஆய்வு ஏன் முதலில் வேண்டும்? விலை அறிக்கையில் குறைந்த விலை, அதிக விலை, 'மாடல்' விலை என மூன்று இருக்கும். மாடல் விலை என்பது அன்று பெரும்பகுதிச் சரக்கு எந்த விலைக்குப் போனதோ அந்த விலை. அது சராசரி அன்று. எவருக்கும் அளிக்கப்பட்ட உத்தரவாதமும் அன்று. சரக்கின் ஈரம் எவ்வளவு என்று எழுதாமல் விலையை மட்டும் எழுதினால், ஈரச் சோளமும் காய்ந்த சோளமும் ஒரே வரிசையில் நிற்கும்.

ஓர் உதாரணம். 14 சதம் ஈரமுள்ள மக்காச்சோளம் குவிண்டால் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதம் ஈரத்துடன் 100 கிலோ கொண்டு போனால் அதில் உலர் பொருள் 82 கிலோ. அதை 14 சதத்துக்குக் காய வைத்தால் 95 கிலோவுக்குச் சற்று அதிகமாக நிற்கும். ஆகவே நியாயமான கழிவு குவிண்டாலுக்கு ஏறக்குறைய 102 ரூபாய். கையால் அள்ளிப் பார்த்து, பல்லால் கடித்துப் பார்த்து, 200 ரூபாய் கழித்தால் 20 குவிண்டால் விற்பவர் கூடுதலாக இழப்பது ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். (காய வைக்கும் கூலியும் பூஞ்சண அபாயமும் வாங்குபவருக்கு உண்டு, அதற்குச் சிறிது கழிப்பதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எவ்வளவு ஈரம் என்பதை அளந்து சொல்லிவிட்டுக் கழிக்கட்டும்.) கொப்பரைக்கு 6 சதம், நிலக்கடலைக் காய்க்கு 8 சதம் என்ற அளவுகளுக்கும் இதே கணக்குத்தான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் விலை பேசி முடித்துவிட்டு, பின்னர் அதைக் கணினியில் பதிவு செய்வது நாட்டின் பல சந்தைகளில் நடந்திருக்கிறது. அறிக்கையில் எல்லாம் மின்னணு விற்பனை என்றே கணக்காகும். ஆனால் வெளியூர் வியாபாரி விலை கேட்க வழியே இருந்திராது. போட்டி இல்லாத ஏலத்தைக் கணினியில் எழுதினால் என்ன, சிலேட்டில் எழுதினால் என்ன?

ஒட்டன்சத்திரம் காய்கறியும் நிலக்கோட்டை மல்லிகையும் பெரும்பாலும் கமிஷன் மண்டி வழியே போகின்றன. அவற்றின் கதை வேறு. அதைத் தனியே பேசவேண்டும்.

உழவர் பெருமக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாயிலில் குவியல் எண் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கவும். ஏலத்திற்கு முன்னரே ஈரத்தை அளந்து அந்த எண்ணோடு பதியச் சொல்லவும். எடை முடிந்ததும் விற்பனைச் சீட்டில் குவியல் எண், எடை, விலை மூன்றும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, வங்கிக் கணக்கு எண்ணையும் சரிபார்க்கவும். விலை பிடிக்காவிட்டால் விற்க மறுக்கும் உரிமை உழவருக்கு உண்டு. சரக்கைக் கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறவும் வழி இருக்கிறது.

புரட்டாசியில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் தையில் களத்துக்கு வந்துவிடும். ஒரு கூடத்திற்கு இரண்டாவது கணினி வாங்கப் பணம் ஒதுக்கப்படுமானால், அதற்கு முன் அங்கே ஓர் ஈரமானியும் அதைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இருக்கிறார்களா என்று அதிகாரிகள் கேட்கட்டும்.