முதல் நாவலும் முப்பத்தாறாயிரம் ரூபாயும்

சில மாதங்களாக நம்மைச் சந்திக்கும் சங்கத்து அன்பர்கள் ஒரே வினாவையே வினவி வருகின்றனர். "உங்கள் நாவல் எப்பொழுது வெளிவரும்?" என்பதே அது. நாவல் எழுதும் செய்தியை நாம் ஒருவரிடமும் சொன்னதில்லை. இரவுப் பணி முடிந்து விடியற்காலை வண்டிக்குக் காத்திருக்கும் வேளையில், நாயுடுபேட்டை நிலையத்து விளக்கின் கீழ் நாம் குனிந்து எழுதுவதை யாரோ கண்டு ஊரெங்கும் பரப்பிவிட்டார் போலும். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

கதை பெரிய கதையன்று. வந்தவாசிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்து, சுவர்ணமுகிக் கரையில் மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரலாறு. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நாம் அதை எழுதி முடிக்க ஆறு ஆண்டுகள் ஆயின. முடித்த பிறகே உண்மையான தொல்லை தொடங்கிற்று.

சென்னையிலுள்ள ஒரு பதிப்பகத்தாருக்குக் கைப்பிரதியை அனுப்பினோம். மூன்றே நாளில் பதில் வந்தது. மூன்று நாளில் ஒரு நாவலைப் படித்து மகிழ்ந்துவிட்டார்களே என்று நாமும் பூரித்துப்போனோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. அறுபதாயிரம் ரூபாய் நாம் செலுத்த வேண்டும்; ஐந்நூறு பிரதிகள் அச்சாகும்; ஐம்பது நமக்கு; எஞ்சியவை அவர்களுடைய கிடங்கில் இருந்து 'விற்பனையாகும்'. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மூவாயிரம் தனி. அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணம் வாங்காமலே கொடுக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். எழுத்தாளனாக ஆசைப்படுகிறவன் விண்ணப்பப் படிவம் நிரப்பவும் கற்றிருக்க வேண்டும். குமாஸ்தா வேலை அதற்கேனும் உதவிற்று.

அடுத்து ஓர் அச்சகத்தாரை நேரிலே கண்டோம். அவர் பொறுமையுடன் விளக்கினார். பதினாறு பக்கம் ஒரு பாரம். நம் நாவல் 208 பக்கம். சரியாகப் பதின்மூன்று பாரம். "ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு பாரம் ஏற்ற வேண்டும் ஐயா, கூட்டாதீர்கள்" என்றார். ஆப்செட் முறையில் முந்நூறு பிரதிக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய். அதாவது பிரதி ஒன்றுக்கு 120. ஆயிரம் அடித்தால் அடக்கம் பாதியாகக் குறையும். தகடு செய்யும் செலவு முதல் பிரதிக்கும் ஆயிரமாவது பிரதிக்கும் ஒன்றே ஆதலின், எண்ணிக்கை ஏற ஏற விலை இறங்குகிறது.

இந்தக் கணக்கிலேதான் பலர் வீழ்ந்திருக்கின்றனர். நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இவ்வாறே மலிவு கருதி ஆயிரம் பிரதி கவிதை நூல் அச்சிட்டார். கட்டுகள் கட்டிலுக்கடியில் இருந்தன. கரையானுக்கு மட்டும் அந்தக் கவிதைகள் சுவைத்தன. மீதமானவற்றை வீட்டுத் திருமணத்தில் தேங்காயோடு சேர்த்துக் கொடுத்தார்.

விற்பனைக் கணக்கோ இன்னும் கொடிது. நூலுக்கு 200 ரூபாய் விலை வைத்தால், கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து கழிவு போக 130 நம் கைக்கு வரும். அடக்கம் 120. எஞ்சும் பத்து ரூபாயிலே கட்டுக்கூலியும் அஞ்சற்செலவும் அடங்கவேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் இலவசப் பிரதி அனுப்புவதும் நம் பொறுப்பே. அந்தச் செலவு மட்டும் நமக்குக் கசக்கவில்லை. கன்னிமாராவின் அலமாரியில் நம் பெயர் இருக்கும் என்றெண்ணுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது!

மேலிடத்துக்கு எழுத்து மூலம் அறிவித்தும் விட்டோம். 1966-ஆம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் ஓய்வு நேரத்து இலக்கியப் பணியைத் தடுப்பதில்லை, வாணிகத்தையே தடுக்கின்றன. மேற்கண்ட கணக்கைப் பார்க்கும் எவரும் இதனை வாணிகம் என்று சொல்ல மாட்டார்.

இவ்வாறு நாம் கணக்குப் போட்டு மயங்கியிருந்தபொழுது, உடன் பணிபுரியும் தெலுங்கு நண்பர் ஒருவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவை நினைவூட்டினார். தெலுங்கின் முதல் நாவலென்று பலரும் கொள்ளும் 'ராஜசேகர சரித்திரமு'வை அவர் ராஜமகேந்திரவரத்தில் தம்முடைய 'விவேகவர்த்தனி' பத்திரிகையிலேயே 1878-இல் தொடராக வெளியிட்டார். 1880-இல் அது நூலாயிற்று. நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879-இல். நாம் பேசும் மொழிக்கும் நம்மைச் சூழ்ந்த மொழிக்கும் நாவல் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பிறந்திருக்கிறது. இரண்டு மொழிக்கும் நடுவே வாழும் நமக்கு இது உறவு முறை போன்ற செய்தி.

வீரேசலிங்கத்தின் வழி அவர் ஒருவரோடு நிற்கவில்லை. இலங்கையில் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை 1882-இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்த அச்சுக்கூடத்திலேயே 1885-இல் தம் 'அசன்பே சரித்திரம்' நாவலை அச்சிட்டார். ஈழத்துத் தமிழ் நாவல் அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. சென்னை வை. மு. கோதைநாயகி அம்மாளின் கதை இன்னும் வியப்புக்குரியது. ஐந்தரை வயதிலே மணமானவர், பள்ளிக்குச் சென்றதில்லை. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அதன்பின் எழுதக் கற்று, 1925-இல் 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையை விலைக்கு வாங்கித் தம் முதல் நாவலாகிய 'வைதேகி'யை அதில் வெளியிட்டார். 1960-இல் மறையுமுன் அவர் எழுதிய நாவல்கள் நூற்றைத் தாண்டின. 'நம் படிப்பு போதாதே' என்று நாம் சோர்வுறும்போதெல்லாம் அம்மையாரை நினைத்து வெட்கமடைகிறோம்.

இம்மூவரும் தம் கைப்பொருளை நம்பி அச்சிட்டனர் என்பது உண்மை. ஆனால் அச்சிடுமுன்பே அவர்கள் வாசகர்களைத் தேடி வைத்திருந்தனர். மாதந்தோறும் வாரந்தோறும் எதிர்பார்த்திருந்த வீடுகளுக்கு அவர்களுடைய கதை சென்றது. அவ்வாறு எதிர்பார்க்கும் வீடுகள் இல்லாதவர்கள் என் செய்வது? சி. சு. செல்லப்பா அதற்கு விடை காட்டினார். 'எழுத்து' பிரசுரத்தின் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். தம் பெருநாவல் 'சுதந்திர தாக'த்தையும், எண்பத்தைந்தை ஒட்டிய முதுமையில், 1997-இல் மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். மறுவருடம் மறைந்தார். சாகித்ய அகாதமி விருது அந்நூலுக்கு 2001-இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு உணவின்போது நம் மனைவியாரிடம் விரித்துரைத்தோம். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புத்தகம் போடுங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் அதை யார் படிப்பார்கள்?" என்றார்.

நாம் திகைத்துவிட்டோம். ஐந்தாம் வகுப்பில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் மகள் தமிழ் பேசுவாள்; தமிழ் எழுத்து அறியாள். நம் சங்கத்துக் குடும்பங்களிலே பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுவேயன்றோ? மூன்று தலைமுறைக் கதையை எழுதிய நாம், மூன்றாம் தலைமுறை அதைப் படிக்க முடியாது என்பதை ஆறு ஆண்டுகளில் ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பத்தாறாயிரத்துக்குக் கணக்குப் போட்டவர் இந்தக் கணக்கை எவ்வாறு விட்டார் என்று வாசகர்கள் கேட்பின், நம்மிடம் விடை இல்லை.

ஆகவே வருங்கால வைப்பு நிதிக் கடன் விண்ணப்பத்தை மடித்து வைத்தோம். டிஜிட்டல் முறையில் நூறு பிரதி போதுமென்று முடிவாயிற்று. பிரதிக்கு 150 ரூபாய் ஆகும். கடையில் கொடுத்தால் இழப்பு. நேரே கொடுத்தால் இழப்பில்லை. சங்கத்து அன்பர்கள் நாற்பத்தொருவர் பெயர் கொடுத்துள்ளனர், மற்றவரும் கொடுக்கலாம். ஞாயிறுதோறும் மாலையில் நம் வீட்டுத் திண்ணையில் ஓர் அத்தியாயம் வாசிக்கவும் தொடங்கியிருக்கிறோம். முதல் வாரம் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தனர். வாசிக்குமுன் ஐந்து எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். மூன்றாம் வாரம் ஏழு பேர். எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் இருந்தது.

முதல் அத்தியாயத்தில் பாட்டனார் ஒரு மரப்பெட்டியுடன் சென்னையில் வண்டி ஏறுகிறார். நாயுடுபேட்டையில் இறங்கும் அவசரத்தில் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிடுகிறார். நாம் வாசித்து முடித்ததும் நம் மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பெட்டி அப்புறம் கிடைத்ததா?"

208 பக்கங்களில் எங்கும் அப்பெட்டியைப் பற்றி நாம் பிறகு ஒரு சொல்லும் எழுதவில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பவரே, தவறிய சாமானை மறந்துவிட்டோம்! அது கூடூரில் இறக்கிவைக்கப்பட்டதா, விஜயவாடா வரை போயிற்றா என்று இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கிறோம். நாவல் பதின்மூன்று பாரத்தில் இனி அடங்காது. டிஜிட்டல் அச்சிலே பாரக் கணக்கு அவ்வளவு கறாராக இல்லையாம். பெயர் கொடுத்த அன்பர்கள் இன்னும் இரண்டு மாதம் பொறுத்தருள வேண்டுகிறோம்.