முகவீணை ஊதிப் பிழைக்க முடியுமா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம்ம சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வரைக்கும் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து களைகட்டும். கட்டியக்காரன் வருவதற்கு முன்பே ஒரு சத்தம் ஊரை எழுப்பிவிடும். உச்சத்தில் கீச்சென்று, கொஞ்சம் அழுகிற மாதிரியும் கொஞ்சம் சண்டைக்கு இழுக்கிற மாதிரியும் இருக்கும். அதுதான் முகவீணை. பேரில்தான் வீணை, தந்தி ஒன்றும் கிடையாது. சீவாளி வைத்து ஊதுகிற, ஒரு முழம்கூட இல்லாத குழல். நாதஸ்வரத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தத் தம்பிக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி இருக்கிறார். அவர் பெயர் பரோக் ஓபோ. அதற்கும் இரட்டை நாக்கு சீவாளிதான். மர உடம்பு, இரண்டு மூன்று சாவிகள், மற்றபடி விரலும் மூச்சும்தான். பரோக் என்றால் சுமார் 1600 முதல் 1750 வரைக்குமான இசை. பாக், ஹேண்டல் இருவரும் பிறந்த 1685-இல் நம்ம தஞ்சாவூரில் சகஜி மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். அவ்வளவு பழசு. அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்துக் கருவியிலேயே வாசிப்போம் என்று சிலர் கிளம்பினார்கள். வயலினில் எஃகுத் தந்தியைக் கழற்றிவிட்டு, ஆட்டுக்குடலில் செய்த நரம்பைப் பூட்டினார்கள். சுருதியையும் இன்றைய அளவைவிட ஏறக்குறைய அரை ஸ்வரம் இறக்கினார்கள்.

ஆசை சரி, சோறு?

நிக்கோலவுஸ் ஆர்னோன்கூர் கதை அதற்குப் பதில் சொல்லும். வியன்னாவில் செல்லோ வாசித்தவர். 1952-இல் வியன்னா சிம்பொனியில் மாதச் சம்பள வேலையில் சேர்ந்தார். மறு வருஷமே மனைவி ஆலிஸோடும் நண்பர்களோடும் பழைய கருவிகளுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தார். முதல் பொதுக் கச்சேரி 1957-இல்தான் நடந்தது. நாலு வருஷம் ஒத்திகை, ஆராய்ச்சி, கருவி தேடல்! சம்பள வேலையை 1969 வரைக்கும் அவர் விடவில்லை. பதினேழு வருஷம் சிம்பொனியில் வாசித்த சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பிறகு பாக்கின் தேவாலயப் பாடல்களை ஒலிப்பதிவு செய்ய இசைத்தட்டு நிறுவனம் முன்வந்தது. ஹாலந்துக்காரர் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் அவரும் பங்கு போட்டுக்கொண்டு, 1971-இல் தொடங்கி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆனது.

இன்று அங்கே இது ஒரு தொழில். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் பழைய இசைக்கென்றே 1933-இல் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள், இன்னும் நடக்கிறது. அதற்காக எல்லாரும் கொழுத்துக் கிடக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நிரந்தர வேலை அபூர்வம். மூன்று நாலு குழுக்களில் வாசித்து, நடுவில் பாடம் சொல்லிக்கொடுத்து, ரயிலில் ஊர் ஊராக ஓடுகிற பிழைப்புதான் பலருக்கும். ஓபோக்காரர் சீவாளியையும் தானே உட்கார்ந்து செதுக்கிக்கொள்வார்.

நம்ம முகவீணைக்கு வருவோம். ஒரு காலத்தில் இதற்கு இரண்டு வேலைகள் இருந்தன. சதிர் ஆட்டத்துக்கு வாசித்தது, கூத்துக்கும் வாசித்தது. சதிரில் கிளாரினெட் வந்து உட்கார்ந்ததும் அந்த வேலை போயிற்று. நாதஸ்வரத்தின் விதி வேறு மாதிரி. குட்டையான திமிரி நாயனம் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அதைச் செய்து கொடுத்தது நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருவி மாறியது, தொழில் நிமிர்ந்தது.

முகவீணையை யாரும் நீட்டவில்லை, நீட்டவும் முடியாது. கூத்தில் துரியோதனன் எட்டுக்கட்டையில் கத்துகிறார் என்று கிண்டல் செய்கிறோமே, அந்தக் குரலோடு ஈடுகொடுக்க இதனால்தான் முடியும். மைக் இல்லாத காலத்தில் வயக்காட்டின் கடைசி வரப்பு வரைக்கும் கேட்டாக வேண்டும். நடிகர் அடி பாடி முடித்து ஆடத் தொடங்கியதும், பாட்டை இது பிடித்துக்கொள்ளும். அவர் மூச்சு வாங்குகிற நேரமெல்லாம் முகவீணைக்காரருடையது. ஆர்மோனியம் சுருதி கொடுக்கும், மிருதங்கமும் தாளமும் ஓட்டம் கொடுக்கும். ஆனால் அழுகையைக் கொடுப்பது இதுதான்.

ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிகிறவரை ஊத வேண்டும். சீசன் ஆடி வரைக்கும் ஓடும். மழைக்காலத்தில் கையில் வேறு வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும். அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வகுப்பு உண்டு, சான்றிதழ் உண்டு, கோவில் வேலைக்கு அது உதவும். கூத்து முகவீணைக்காரரோ பெரும்பாலும் ஜமாவோடு ஒட்டிக்கொண்டு அலைந்து, கேட்டுக் கேட்டுப் பழகியவர். காஞ்சிபுரத்தில் பெ.ராஜகோபால் முன்னின்று 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002-இல் ஒரு குருகுலமும் நடத்த ஆரம்பித்தது. பள்ளிப் பாடமும் கூத்துமாகப் பிள்ளைகள் படித்தார்கள், பெண் பிள்ளைகள் உட்பட. 2020-இல் அது மூடப்பட்டது. நம்ம பக்கத்துக்கு அது பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

ஆர்னோன்கூருக்கு ஒலிப்பதிவு நிறுவனம் என்றால், முகவீணைக்காரருக்கு ஊர்த் திருவிழாக் கமிட்டிதான். செலவைக் குறைக்க நினைக்கிற கமிட்டிக்குக் கீபோர்டே போதும் என்று தோன்றலாம், அதிலும் நாதஸ்வரச் சத்தம் வருகிறதே என்று. வருகிறதுதான், ஆனால் அது நடிகரின் மூச்சைப் பார்த்து வராது. உங்கள் ஊரிலோ சொந்த ஊரிலோ இந்த வருஷம் கூத்து வைப்பதாக இருந்தால், வெற்றிலை பாக்கும் முன்பணமும் கொடுக்கிற அன்றைக்கே ஜமா வாத்தியாரிடம் கேளுங்கள்: “முகவீணைக்காரரும் வர்றாருங்களா?”