அரிய நோயும் நம் ஊர் மூச்சும்



‘அரிய நோய்’ என்றதும் அது எங்கோ, யாருக்கோ வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படிப் பெயர் பெற்ற ஒன்றுதான் நுரையீரல் தழும்பு நோய். பஞ்சுபோல் விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், தழும்பேறி இறுகிப் போகிறது. முதலில் வறட்டு இருமல். பிறகு படியேறினால் இளைப்பு. கடைசியில் உட்கார்ந்திருந்தாலும் இளைப்பு. இதன் கொடிய வகையில், நோய் கண்டறியப்பட்டபின் பலருக்கும் கிடைப்பது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்.

இது எவ்வளவு அரிது? லட்சம் பேரில் 13 முதல் 20 பேர் என்பது மேலைநாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19.42 லட்சம். அதே விகிதத்தைப் பொருத்தினால் 250 முதல் 390 பேர். அதாவது ஓர் ஒன்றியத்துக்கு இருபது, முப்பது குடும்பங்கள். இது கணக்குதான், ஆய்வு முடிவு அல்ல. ஆனாலும் அரிது என்ற சொல்லின் பின்னே எத்தனை வீடுகள் மறைந்திருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இந்தக் கொடிய வகைக்கு மருத்துவம் தந்துள்ள பெயரே ‘காரணம் அறியப்படாதது’ என்பதுதான். ஆனால் 2019இல் அமெரிக்க நெஞ்சகக் கழகம் வெளியிட்ட அறிக்கை, இந்நோயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, பணியிடத்துத் தூசி, புகை, ஆவியோடு தொடர்புடையது என்றது. மிக நுண்ணிய அலுமினியப் பொடி தயாரித்த ஜெர்மானியத் தொழிலாளரின் நுரையீரல் தழும்பேறியது இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே பதிவாகியுள்ளது. கம்பி மத்தாப்புக்கும் பூச்சட்டிக்கும் ஒளி தருவதும் அலுமினியப் பொடியே. ‘பயர் ஆபீஸில்’ வேலை செய்யும் எல்லாருக்கும் இந்நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் மருந்து கலந்தவர் இருமிக்கொண்டு வந்தால், “என்ன வேலை செய்தீர்கள்?” என்று யாராவது கேட்கிறார்களா? கேட்காத இடத்தில் எல்லாமே ‘காரணம் அறியப்படாதது’தான்.

செலவைப் பாருங்கள். நோயின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. குணமாக்கும் மாத்திரை இல்லை. அவற்றைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மாதம் பல ஆயிரம் ரூபாய். பிறகு ஆக்சிஜன் கருவி, அதற்கு மின்கட்டணம், துணைக்கு இருப்பவர் இழக்கும் கூலி. நுரையீரல் மாற்று சிகிச்சையோ பல லட்சம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்குப் பெரும் துணை. ஆனால் அது முதன்மையாக மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் தினமும் விழுங்கும் மாத்திரைதான் இந்தக் குடும்பங்களைக் கடனாளியாக்குகிறது. தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்துக் கிடக்கும் வாரங்களிலும் மாத்திரைக்கு விடுமுறை இல்லை.

2012இல் முதலிப்பட்டியிலும் 2021இல் அச்சங்குளத்திலும் வெடித்தபோது நாடே திரும்பிப் பார்த்தது, நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சத்தமில்லாமல் மூச்சு நின்றுபோகிறவரை யார் எண்ணுகிறார்கள்? கல் உடைப்போரையும் சுரங்கத் தொழிலாளரையும் வாட்டும் சிலிக்கோசிஸ் நோய்க்கு ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் என்றது. முதலில் எண்ணினார்கள், அதனால்தான் கொடுக்க முடிந்தது. நம் பட்டாசுத் தொழிலாளரின் நுரையீரலும் முறையாகப் பரிசோதிக்கப்பட்டு, கணக்கில் வரவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் இலவசமாகக் காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் இல்லை என்றான பிறகும் இளைப்பு தொடர்ந்தால், அதோடு விட்டுவிடாதீர்கள்; விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ மதுரையிலோ நெஞ்சக மருத்துவரைப் பார்த்து, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். எந்த ஆலையில், என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை நீங்களே சொல்லி, மருத்துவச் சீட்டில் எழுதச் செய்யுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அன்பியக் கூட்டங்களில் இளைப்போடு வீட்டில் முடங்கிக் கிடப்பவர் யார் என்று விசாரியுங்கள். அந்தப் பெயர்களை எழுதத் தொடங்கினால், இந்நோய் நம் ஊரில் எவ்வளவு அரிது என்பது தெரிந்துவிடும்.